கும்பிடு முழுக்கு

என் தங்கச்சி மகள் இசைவாணியைக் கொன்றது தண்ணீர். கருப்பசாமி கொல்லவில்லை, காத்து கருப்பு அடிக்கவில்லை, பெற்றவளின் தீட்டும் கொல்லவில்லை. இதை நான் அவனியாபுரத்தில் என் பட்டறை வாசலில் நின்று சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன். அந்தப் பிள்ளையின் கருமாதிப் பந்தியில் ஒவ்வொருத்தர் இலைக்கு முன்னாலும் நின்று சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு ரசத்துக்குச் சோறு கேட்டார்கள்.

இந்த ஜெயபாண்டிக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று சொந்தபந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. டிராக்டர் டிரெய்லருக்கு வெல்டிங் அடித்து அடித்து மண்டையும் பழுத்துவிட்டது என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பத்து வயதுப் பிள்ளையைக் குழிக்குள் வைத்து மண் தள்ளிவிட்டு வந்த பிறகும் கோபப்படாதவன் எதற்குத்தான் கோபப்படுவான் என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி பாண்டீஸ்வரியைக் கட்டிக்கொடுத்த ஊர் வெள்ளைப்பாறைப்பட்டி. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போய், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்க வேண்டும். மாப்பிள்ளை தவசிக்குக் கொஞ்சம் தோட்டமும் பால் மாடும் உண்டு. சோலிக்குக் குறைவில்லாத ஆள், தன் வாயால் ஒரு முடிவு சொல்லத்தான் வராது. அவனுக்காக முடிவு சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அவன் ஆத்தா இருளாயி. இன்னொருத்தர் அவன் சித்தப்பா பேயாண்டி.

பேயாண்டி தன் தென்னந்தோப்பில் போர் போட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் வந்தது. மனுசன் விடவில்லை. கடைசியில் தண்ணீர் வந்தது, சூடாக வந்தது. அழுகின முட்டை வாடையோடு வந்தது. அதைப் பாய்ச்சிய தென்னங்கன்றெல்லாம் சூடு தாங்காமல் ஒரே கோடையில் கருகிப்போனது. தென்னைக்கு ஆகாத தண்ணீர் மனுசனுக்கு ஆகும் என்று கண்டுபிடித்தது பேயாண்டியின் மூளை.

தோப்பை ஒட்டித்தான் ஊரணிக் கருப்பு கோயில். கோயிலுக்கு முன்னால் இருந்த ஊரணி தண்ணீர் இல்லாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அந்த ஊரணியில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. கும்பிடு முழுக்கு என்பார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டபடியே தண்ணீருக்குள் மூன்று முழுக்குப் போட வேண்டும். கும்பிட்ட கை பிரியக் கூடாது, கீழே இறங்கக் கூடாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குகிறவன் சாமியை நம்பாதவன். நேர்த்திக்கடனுக்கும் இந்த முழுக்குதான், சத்தியத்துக்கும் இதுதான். ஆடு காணாமல் போனாலும், வரப்பு நகர்ந்திருந்தாலும், சந்தேகப்பட்ட ஆளைப் பார்த்து யார் வேண்டுமானாலும் ‘முழுகு’ என்று கேட்கலாம். கருப்பு முன்னால் கேட்டுவிட்டால் கேட்கப்பட்டவன் மறுக்க முடியாது. கை இறங்கினால் கள்ளன். ஊரணி வற்றிய பிறகு குடத்தில் தண்ணீர் எடுத்துத் தலையில் ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

பேயாண்டி அந்த இடத்தில் கழுத்தளவு ஆழத்துக்கு ஒரு தொட்டி கட்டி, படி வைத்து, போர்த் தண்ணீரை அதில் விட்டார். கருப்பின் மூச்சுக்காற்று பட்ட தண்ணீர், அதனால்தான் சூடு என்று சொன்னார். படை, சொறி, மூட்டுவலி, பிள்ளையில்லாக் குறை என்று அது தீர்க்காத வியாதியே இல்லை. மதுரைக்கு ஒரு சுடுதண்ணீர் ஊற்று என்று ரோட்டு முக்கில் பிளெக்ஸ் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேன் வேனாக ஜனம் வந்து இறங்கியது.

தொட்டித் தண்ணீரை மாற்றுவது கிடையாது. குறைந்தால் மேலே கொஞ்சம் விடுவார், அம்புட்டுத்தான். நாள்பட்ட தண்ணீரில்தான் சக்தி இறங்கியிருக்கிறதாம். சுவரெல்லாம் வழுவழுவென்று பாசி படர்ந்திருந்தது. வேறு யாராவது என்றால் தேய்த்துக் கழுவுவார்கள். இவர் அதைச் சுரண்டி, சாமிப் பாசி என்று பேர் வைத்துப் பொட்டலம் போட்டார். ஒரு தடவை நான் கொஞ்சம் பிளீச்சிங் பவுடராவது போடச் சொன்னேன். சாமி தண்ணியில மருந்தடிக்கச் சொல்றியா மாப்ள என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

இசைவாணிக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு. மழைக்குப் போய் வெயிலுக்கு வருகிற சாதாரண அரிப்பு. பட்டறைக்கு வந்தால் என் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு, முழங்கையைச் சொறிந்தபடியே, கூலிக்காரர்களிடம் வேலை ஏவிக்கொண்டு திரிவாள். நான் மாமா என்றால் அவள் முதலாளி. பரோட்டாவைச் சால்னா இல்லாமல் வெறும் சீனி தொட்டுத் தின்கிற ஒரே பிள்ளை அவள்தான். கோடை லீவில், அப்பத்தா இருளாயி நேர்ந்துகொண்டபடி, அவளைக் கும்பிடு முழுக்குக்குக் கூட்டிப்போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணினாள். மூன்று முழுக்குக் கணக்கு, தான் ஏழு போட்டதாகச் சொன்னாள். ஒரு முழுக்கில்கூடக் கை இறங்கவில்லை என்று பூசாரியே பாராட்டினாராம். “மூக்கெல்லாம் எரியுது மாமா, மண்டைக்குள்ள தண்ணி போயிருச்சு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். தெரியாதவன் வேறு என்ன செய்வான்?

அந்த வாரம் முடிவதற்குள் தலைவலி என்று படுத்தாள். சாம்பிராணி போட்டால் வாடையே வரவில்லை என்றாள். வெயில் தாக்கியிருக்கும் என்று ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தது, வாந்தி வந்தது. கழுத்தை மடக்க முடியவில்லை. பெற்ற தாயைப் பார்த்து நீ யாரு என்று கேட்டாள். மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது கை கால் இழுத்து வெட்டு வந்துகொண்டிருந்தது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா எங்களைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். நான், தவசி, பேயாண்டி மூன்று பேரும் போனோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பேயாண்டியும் அந்த அறையில் இருந்தார். வெள்ளைச் சட்டையும் கட்டின கையுமாக, என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். பிள்ளை எங்கேயாவது வெதுவெதுப்பான தண்ணீரில் முங்கியதா என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். தவசி சொன்னான். அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அமீபா என்று ஓர் உயிர் இருக்கிறது. அதில் ஒரு வகைக்குச் சூடான, தேங்கின, உப்பில்லாத தண்ணீரும் பாசியும் கிடைத்தால் கொண்டாட்டம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது, வயிற்றில் அது செத்துப்போகும். மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. வாடை பிடிக்கிற நரம்பு வழியாக ஏறி மூளைக்குப் போய் அதைத் தின்றுவிடும். ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றாது. அபூர்வமாகத்தான் வரும், வந்தால் பிழைப்பதும் அபூர்வம். சில பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அந்த மருந்தை ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார். கடைசியில் பேயாண்டியைப் பார்த்து, அந்தத் தொட்டியை இன்றைக்கே காலி செய்யுங்கள், ஒரு பிள்ளையும் தலை நனைய அதில் இறங்கக் கூடாது என்று தனியாகச் சொன்னார். பேயாண்டி கையெடுத்துக் கும்பிட்டு, சரிங்கம்மா என்றார்.

இசைவாணி கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

சுகாதாரத்துறை ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். தொட்டியைக் கழுவிக் குளோரின் போடும்வரை திறக்கக் கூடாது என்றார்கள். பேயாண்டி ஒரு பூட்டுப் போட்டார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் பூட்டைக் கழற்றினார். கேட்டவர்களிடம், இந்தத் தண்ணீர் குடிக்க நல்லது என்று எப்போதோ எடுத்துவைத்த சர்டிபிகேட்டைக் காட்டினார். குடிக்க நல்லது என்பது நிஜம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் சோறே இல்லாமலா மறைப்பான்? அதோடு நிற்காமல், வருகிற கூட்டத்துக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தொட்டியில் மொண்டு மடமடவென்று குடித்துக் காட்ட ஆரம்பித்தார். இது விஷம் என்றால் நான் சாக வேண்டாமா என்று கேட்டார். ஜனம் கை தட்டியது. இத்தனை பிள்ளைகள் முங்கின தண்ணீரில் இவளுக்கு மட்டும் எப்படி வந்தது என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள். அறுந்து கிடக்கிற கரண்டுக் கம்பியை எல்லோருமா மிதிக்கிறார்கள், மிதித்தவனுக்குத்தானே தெரியும் என்றேன். நான் பேசப் பேச அவர்கள் என் வாயைப் பார்த்தார்களே தவிர, பேச்சைக் கேட்கவில்லை.

தண்ணீர் இல்லை என்றால் வேறு ஏதாவது காரணம் வேண்டுமே. அதை இருளாயி கொண்டுவந்தாள். முழுக்குப் போட்ட மறுநாள் காலையில் பாண்டீஸ்வரி வீட்டுக்கு விலக்கானாள். மறைக்கிற விஷயமா என்ன, மாமியாரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். கருமாதி முடிந்து தாம்பூலம் வைக்கிற நேரத்தில் இருளாயி அதை எடுத்து வெளியே போட்டாள். முந்தின நாளே வந்திருக்கும், மறைத்துக்கொண்டு கோயிலுக்குள் கால் வைத்திருக்கிறாள், கருப்பு பொறுப்பானா, தாய்க்குப் போட வேண்டியதைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டான் என்றாள். பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டின கதை. ஆனால் அந்தக் கதை அரை நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பேயாண்டி அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்னதைக் காதால் கேட்ட மனுசன், சாமி குத்தத்துக்கு நாம என்ன செய்ய முடியும் என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அந்தத் துண்டையே அவர் கழுத்தில் சுற்றி இறுக்க வேண்டும் போலிருந்தது.

தவசியும் கூடத்தான் அந்த அறையில் இருந்தான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? “டாக்டரு ஒண்ணு சொல்றாக, ஆத்தா ஒண்ணு சொல்றாக, நான் எதைன்னு கேப்பேன் மச்சான்” என்றான். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று பாண்டீஸ்வரியை என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். விட்டவன் திரும்பிக் கூப்பிட வரவில்லை.

என் வீட்டில் அவள் அடுப்படிக்குள் போகமாட்டாள். சாமி படம் இருக்கிற பக்கம் திரும்பமாட்டாள். குளிக்கப் போனால் வெளியே வரமாட்டாள், கல்லை வைத்து உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோகும். என் பெண்டாட்டி செல்லக்கிளி கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவாள். நான் திட்டினேன், கெஞ்சினேன். டாக்டரம்மா சொன்னதை மாற்றி மாற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அன்னைக்கு எனக்கு அடிவயிறு லேசா வலிச்சுச்சுண்ணே என்பாள். அதற்குமேல் பேச்சு நகராது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தன்னையே கொலைகாரியாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைத் தூரத்தில் இருந்துகொண்டு செய்து முடித்தவர்கள் வெள்ளை வேட்டியோடு திரிந்தார்கள்.

ஆடி பிறந்தது. வெள்ளைப்பாறைப்பட்டியில் கூட்டம் போட்டுப் பேசி முடித்து, தவசி மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆடி வெள்ளியன்று பாண்டீஸ்வரி கருப்பு முன்னால் தப்பை ஒத்துக்கொண்டு கும்பிடு முழுக்குப் போட வேண்டும். போட்டால் குத்தம் தீரும், தவசி கூட்டிக்கொள்வான். அதே தொட்டியில். அதே தண்ணீரில்.

நான் தவசியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். பட்டறைப் பையன்கள்தான் பிரித்துவிட்டார்கள். ஆனால் பாண்டீஸ்வரி போகிறேன் என்றாள். மகளைக் கொன்ற தண்ணீர் என்றேன், மூக்கில் ஏறினால் உன்னையும் கொல்லும் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“கொல்லட்டும்ணே. கை எறங்குனா நான்தான் காரணம்னு ஆயிரும். எறங்கலைன்னா இல்லைன்னு ஆயிரும். எதுன்னாலும் எனக்குத் தெரிஞ்சா போதும்.”

எனக்கு அன்றைக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. வீட்டுக்குள் வைத்துப் பூட்டலாம் என்று பார்த்தேன். பூட்டினால் கிணற்றைத் தேடுவாள் என்று செல்லக்கிளி சொன்னாள். அதுவும் நிஜம். கூடப் போவதைத் தவிர வழியில்லை.

ஆடி வெள்ளியன்று கோயிலைச் சுற்றி ஊசி விழ இடமில்லை. வேப்பிலைத் தோரணம், மைக் செட், ஐஸ் வண்டி. தொட்டியில் இருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் குழந்தை குட்டிகளோடு பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். எல்லாம் இசைவாணி வயசுப் பிள்ளைகள், அதற்கும் கீழே. ஒரு சின்னப் பையன் கும்பிட்ட கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பாண்டீஸ்வரி மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு படிக்கு மேலே நின்றாள். தவசி அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றான். இருளாயி சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பேயாண்டி மைக்கைப் பிடித்தார். இந்தத் தண்ணீரைப் பற்றி வேண்டாதவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தார். யார் என்று பேர் சொல்லவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு வழக்கப்படி சொம்பை எடுத்து, தொட்டியில் மொண்டு, அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை ஊரே பார்த்தது. சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். கை தட்டினார்கள்.

அந்தக் கவிழ்ந்த சொம்பைப் பார்த்த நேரத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. இவர் ஏன் எப்போதும் குடித்தே காட்டுகிறார்?

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கருப்பின் சூலத்துக்கு முன்னால் போய் நின்றேன். வழக்கமாகக் கத்துகிறவன், அன்றைக்குக் கத்தவில்லை.

“மாமா, நீங்க குடிச்சது சரி. வயித்துக்குள்ள போனா இது ஒண்ணும் செய்யாதுன்னு நானே சொல்றேன். இப்ப முங்குங்க. கும்புட்ட கையோட.”

பேயாண்டி சிரித்தார். “நீ என்னய்யா மாப்ள, சின்னப்புள்ளையாட்டம்.”

“கருப்பு முன்னால கேக்குறேன். இந்தத் தண்ணியில குத்தமில்லைன்னு சத்தியம் பண்ணி மூணு முழுக்குப் போடுங்க. நீங்க ஏறி வந்ததும் என் தங்கச்சி எறங்குவா.”

யாரோ பின்னாலிருந்து என்னை வெளியே தள்ளச் சொன்னார்கள். ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. அதற்குள் பெரியவர் ஒருவர், சாமி முன்னால் கேட்ட பிறகு மறுக்க முடியாதப்பா என்றார். பூசாரியும் தயங்கித் தயங்கி, வழக்கம் அதுதானே என்றார். காலரில் இருந்த கை தளர்ந்தது. எந்த வழக்கத்தைச் சொல்லி ஊரைத் தண்ணீருக்குள் இறக்கினாரோ அந்த வழக்கம் இப்போது அவரைப் பார்த்து நின்றது.

பேயாண்டி சட்டையைக் கழற்றினார். தங்கச் சங்கிலியைக் கழற்றிப் பேரனிடம் கொடுத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படி படியாக இறங்கினார். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். நான் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆள் முங்கட்டும் என்றுதான் அந்த நிமிடம் நான் நினைத்தேன். இசைவாணிக்கு ஏறின மாதிரி ஏறட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

முட்டியை மடித்தார். தண்ணீர் கழுத்துக்கு வந்தது, தாடைக்கு வந்தது. உதட்டைத் தொட்டது. அங்கே நின்றுவிட்டார். மேளக்காரன் குச்சியை நிறுத்திவிட்டான். கும்பிட்ட கை பிரிந்து வலது கை கீழே வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மூக்கை இறுக்கிப் பிடித்தன. அதற்குப் பிறகுதான் தலை உள்ளே போனது.

வெளியே வந்து முகத்தை வழித்துவிட்டு, பாசி வழுக்கிவிட்டது என்றார். மறுபடியும் கையைத் தூக்கினார். இந்தத் தடவை தண்ணீர் தாடையைத் தொடுவதற்கு முன்னாலேயே கை இறங்கிவிட்டது. அவர் இறக்கவில்லை, அதுவாகவே இறங்கியது. டாக்டரம்மா சொன்னது அந்தக் கைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்றாவது முழுக்கை அவர் போடவில்லை. தண்ணீருக்குள் நின்றபடி எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

படியில் நின்ற ஒருத்தி தன் பையனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை கலைந்தது. இருளாயி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கையை எடுக்க மறந்து நின்றாள்.

பாண்டீஸ்வரி மட்டும் ஓர் அடி கீழே இறங்கினாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் முழுக இறங்கவில்லை. பேயாண்டியின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க இறங்கியிருக்கிறாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள், ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

“மாமா, எம் புள்ள ஏழு தடவை முங்குச்சு. ஒரு தடவைகூடக் கையை எறக்கலையே மாமா.”

பேயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த மூக்கில் இருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அதை அவசரமாகத் துடைத்தார்.

தொட்டிக்கு வெளியே, தென்னந்தோப்புப் பக்கம், தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு இருந்தது. கட்டின நாளிலிருந்து யாரும் திறக்காததால் துருப்பிடித்துக் கிடந்தது. பாண்டீஸ்வரி போய் அந்தச் சக்கரத்தைப் பிடித்தாள். அசையவில்லை. தவசி ஓடிவந்து கை வைத்தான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள், என்னைப் பார்த்தாள். நான் எங்கள் காரில் கிடந்த பைப் ரென்ச்சை எடுத்துவந்து மாட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு தண்ணீர் பீறிட்டுக்கொண்டு கருகிப்போன கன்றுகளுக்குள் ஓடியது. பேயாண்டி நின்ற இடத்தில் தண்ணீர் நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கியது, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. அடியில் பச்சைப் பாசி கணுக்கால் உயரத்துக்கு இருந்தது. ஊர் அதையும் பார்த்தது.

காரில் திரும்பி வரும்போது, பசுமலைப் பக்கத்தில் பாண்டீஸ்வரி, பசிக்குதுண்ணே என்றாள். அந்தப் பிள்ளை செத்த நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. கடையில் நிறுத்தி பரோட்டா வாங்கினேன். சால்னா வேண்டாம் என்றாள். வெறும் சீனியைத் தொட்டுத் தின்றாள், தின்றுகொண்டே அழுதாள்.

இனிமேலாவது கோபத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று சொந்தத்தில் கேட்கிறார்கள். தொட்டிதான் காலியாகிவிட்டதே என்கிறார்கள். போன வாரம் பேயாண்டி அதில் சிமெண்டுப் பூச்சு வேலை ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எதற்கு என்று கேட்க நாளைக்குப் போகிறேன். பாண்டீஸ்வரியும் கூட வாரேன் என்கிறாள்.